அங்குலத்துக்குப் பதினொன்று

எங்கள் கம்பெனியில் அங்குலத்துக்குப் பதினொரு தையல்.
பத்து வந்தால் திருப்பி அனுப்புவார்கள்.
பன்னிரண்டு என்றால் தோல் கிழியுமாம்.
ஆம்பூரில் ஒன்பது வருடம்
எந்தத் தேசத்துக் கால்களுக்கென்றே தெரியாமல்
மேல்தோல் தைத்தவள் நான்.
அதனால்தான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன்:
"நூல் இன்னா நம்பரு, டாக்டரம்மா?"

ரத்தச் சோதனைச் சீட்டின் பின்பக்கம்
இரண்டு குழாய் வரைந்திருந்தார்.
ஒன்றின் இடத்தில் மற்றது.
கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றுகிறது,
நல்லது நுரையீரலையே சுற்றுகிறது.
பிறந்ததும் மூடிக்கொள்ளும் ஒரு சின்ன வழியை
மூடவிடாமல் சொட்டுச் சொட்டாய் ஒரு மருந்து.
அதில்தான் ஐந்து நாளாக உயிர் போய் வருகிறது.
நூலுக்குப் பதிலாக
தோளில் கிடந்த தன் தலைமுடி ஒன்றை எடுத்து
படத்தின்மேல் வைத்தார்.
"இதைவிட மெல்லிசு."
மின்விசிறி அதைக் கொண்டுபோனது.

பிச்சாண்டிக்கு நீலம் பழக்கம்.
குரோம் டிரம்மிலிருந்து சரியும் ஈரத்தோல் நீலம்,
அதற்குப் பேரே வெட் ப்ளூ.
பேர்ணாம்பட்டில் பிள்ளையைக் கையில் வாங்கினவர்
ஒன்றும் பேசவில்லை.
ஒரு கையில் பிள்ளை,
மறு உள்ளங்கையை லுங்கியில் துடைத்தார்.
கை மாற்றி, அதையும் துடைத்தார்.
தன் சாயம்தான் ஒட்டிக்கொண்டதென்று நினைத்தாராம்.
பாலாற்றுப் பாலத்தில் ஆம்புலன்ஸ் ஏறும்போதுதான்
சொன்னார்.

ரத்தம் கொடுக்க டிரம் யார்டிலிருந்து மூன்று பேர்.
உனக்கே ரத்தம் பத்தாது போ என்று
ஒருவரைத் திருப்பிவிட்டார்கள்.
அவர் போகாமல் சாயங்காலம் வரை
செருப்பு விடும் இடத்திலேயே நின்றார்.

எந்திரம் ஓடிய எண்பத்தோரு நிமிஷம்
அவன் இதயம் நின்றிருந்ததாம்.
கணக்குப் பார்த்தேன்.
அந்நேரம் நான் கேன்டீனில்
மூன்று ரூபாய் சில்லறைக்குச்
சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு உள்ளே விட்டார்கள்.
நெஞ்சை மூடவில்லை.
"வீங்கியிருக்கு, இப்போ மூடினா அமுங்கிடும்.
ரெண்டு நாள் போகட்டும்"
சுகிர்தா சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.
கண்ணாடித் தாள்போல ஓர் உறை.
அதற்கடியில் அது.
இலவம்பாடிக் கத்திரிப் பிஞ்சளவு,
யாரும் சொல்லித்தராமல்
தானே குதித்துக்கொண்டு.

எந்தத் தாய் பார்த்தாள் இதை?
பார்க்கலாமா?
நான் தையலைத் தேடினேன்.
இதயத்துக்கே சோறு போடும் இரண்டு குழாய்களைப்
பட்டன்போல் வெட்டியெடுத்து
வேறிடத்தில் வைத்துத் தைத்தார்களே, அதை.
தெரியவில்லை.
நல்ல தையல்
தைத்த இடத்தைக் காட்டாது.

பாதி தைத்ததை மிஷினில் விட்டு
ஷிப்ட் முடிந்ததென்று நான் எழுந்ததேயில்லை.
இன்று திறந்தே கிடக்கிறது,
இரவெல்லாம்,
அருகில் யாரோ விழித்திருக்க.

பிச்சாண்டி ஒரு விரலால்
அவன் நகத்தைத் தூக்கிப் பார்த்தார்.
வெளியே வந்து
பழக்கதோஷத்தில் உள்ளங்கையைத் துடைத்தார்.
பிறகு விரித்து என்னிடம் நீட்டினார்,
ஒன்றும் ஒட்டவில்லை பார் என்பதுபோல.

பேர் என்ன என்று கிளார்க் மறுபடி வந்தார்.
இன்னும் வைக்கல என்றேன்.
மூடட்டும்.
மூன்று மணிக்கொரு தரம்
அங்கே ஓர் அறையில் பால் எடுக்கிறேன்.
இன்னும் அவன் குடிக்காத பால்,
ஃபிரிட்ஜில் ஏழு புட்டி,
ஏழிலும் ஒரே கையெழுத்து:
பேபி ஆஃப் குணவதி.